பதினேழு பக்கச் சங்க்ரியா

இது நடந்து இரண்டு வருடமாகிறது. எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று நிச்சயமில்லை. கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான். எழுதி, திருத்தி, கையெழுத்துக்கு அனுப்பி, திரும்பி வந்ததை மறுபடி திருத்தியதில், நடந்தது எது, நடந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டது எது என்பது எனக்குள் கலந்துவிட்டது. சில பேச்சுகள் காதில் இன்னும் கேட்கின்றன. அவை யாரோ பேசியவையா, நான் பந்தி பிரித்து எழுதியவையா என்று கேட்டால் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். தோட்ட ஆபீசில் பேசாமல் இருப்பது ஒரு தகுதி. கிளாக்கர் வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஹீன்கந்தைத் தோட்டம் புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மேலே தேயிலை, கீழே றப்பர், நடுவில் தோட்ட முகாமையாளரான பெரியதுரையின் பங்களா. பங்களாவில் சமைத்தவள் தர்மிளா. முப்பத்திரண்டு வயது. நான்கு வருடம் சைப்ரஸில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அந்த வீட்டு அம்மா பண்டிகை நாட்களில் சங்க்ரியா என்ற பானம் செய்வாராம். சிவப்பு வைனில் பழங்களை வெட்டிப் போட்டு ஊறவைத்து, குளிரக் குளிரக் கொடுப்பது. தர்மிளா பார்த்துப் பழகிக்கொண்டாள். முந்தின வருடம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, பெரியதுரை வீட்டில் ஒரு கண்ணாடிச் சாடி நிறையச் செய்து வைத்தாள். விருந்துக்கு வந்த ஜேர்மன் தேயிலை வியாபாரி ஒருவர் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கம்பனிக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதில் தேயிலையைப் பற்றி ஒரு வரி இருந்தது. சங்க்ரியாவைப் பற்றி ஒரு பந்தி இருந்தது.

அதுவரை அது ஒரு பானமாக இருந்தது. கடிதம் வந்த பிறகு ஒரு விடயமாகிவிட்டது.

தர்மிளாவின் கவலை வேறு. அவள் அம்மா வெள்ளையம்மா நாற்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். டிசம்பர் முப்பத்தோராம் திகதி ஓய்வு. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா என்ற அறை அம்மாவின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. ஓய்வு பெறும் நாளில் அந்த வீட்டில் பெயர் பதிந்த தொழிலாளி ஒருவராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பனியின் விதி. பங்களாவில் மூன்று வருடம் சமைத்தும் தர்மிளாவின் பெயர் செக்ரோலில் ஏறவில்லை. செக்ரோல் என்பது தோட்டத்தின் பெயர்ப் பதிவேடு. அதில் இல்லாதவர் தோட்டத்திலும் இல்லை.

"இந்த வருஷ பார்ட்டி நல்லாப் போகட்டும் தர்மிளா," என்றார் பெரியதுரை. அவர் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிடப் பொறுமையாகப் பேசுவார். "ஜனவரி ஒண்ணு, பேர் பதியிறோம். ஹரி, சரிதானே?"

"அம்மாவுக்கு முப்பத்தொண்ணுங்க தொர. ஒரு நாள் வித்தியாசத்துல காம்பராவ எடுத்துருவாங்களே."

"ஒரு நாள்தானே," என்றார் பெரியதுரை.

அக்டோபரில் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கிருஷ்ணராஜ் வந்தார். தர உறுதிப் பிரிவின் உதவிப் பொது முகாமையாளர். வாடிக்கையாளர் ஒருவர் விரும்பிய எந்தப் பொருளும் தரப்படுத்தப்படாமல் இருக்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். அன்றே பருவகால விருந்துப் பானத் தரப்படுத்தல் குழு அமைக்கப்பட்டது. கிருஷ்ணராஜ் தலைவர். பெரியதுரையும் டீமேக்கர் சுதாகரனும் அங்கத்தவர்கள். நான் செயலாளர். பெயர் பதியாதவர் குழுவில் உட்கார முடியாது என்பதால் தர்மிளா வாசலில் நின்றாள்.

"சங்க்ரியா எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதைக் குழுவுக்கு விளக்குங்கள்," என்றார் கிருஷ்ணராஜ்.

"தோடம்பழம், அப்பிள், அன்னாசி வெட்டிக்குவேங்க ஐயா. ஒரு துண்டு கறுவாப்பட்ட, கொஞ்சம் சீனி. வைன ஊத்தி மூடி, மறுநா வரைக்கும் ஐஸ் பொட்டியில வைக்கிறது. குடுக்கிறப்ப சோடா. அவ்வளவுதாங்க."

"கொஞ்சம் சீனி என்றால் எவ்வளவு?"

"கொஞ்சம்னா... கொஞ்சந்தாங்க."

"எதைக் கொண்டு அளக்கிறீர்கள்?"

"கையாலங்க."

கிருஷ்ணராஜ் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். அளவுக் கருவி, கை. கருவி கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதி என்ன?"

தர்மிளா கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"சைப்ரஸ் போறப்ப மெடிக்கல் எடுத்தாங்க ஐயா."

அந்தத் திகதியையே எழுதிக்கொண்டேன். பிறகு அவள் கையில் சீனி அள்ளிப் பத்துத் தடவை தராசில் போட்டோம். பத்துத் தடவையும் ஒரே நிறை காட்டியது. இயற்கையில் இது சாத்தியமில்லை என்று சொல்லித் தராசை மாற்றினார்கள். நவம்பர் நடுப்பகுதியில் தயாரிப்பு ஆவணம் பதினேழு பக்கமாக முடிந்தது. தர்மிளாவின் கை நான்காம் பக்கத்தில் இருந்தது. அவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுத்தது வைன். ஆகஸ்டில்தான் எங்கள் தோட்டத்துக்குப் போதையற்ற முன்மாதிரித் தோட்டம் என்ற பட்டம் கிடைத்திருந்தது. வாசலில் பச்சை நிறப் பலகை நட்டிருந்தார்கள். சாராயப் போத்தலோடு யாரும் உள்ளே வரக் கூடாது. காவல்காரர் கொழுந்துக் கூடையைக்கூடக் கிளறிப் பார்ப்பார். அந்த வாசலால் இரண்டு பெட்டி வைன் எப்படி வரும்?

குழு இரண்டு மணி நேரம் யோசித்தது. முடிவில் ஆவணத்தில் வைன் என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்புத் திரவம் என்று மாற்றப்பட்டது. உள்ளே கொண்டுவரும் அனுமதிச் சீட்டில் இலைகளுக்குத் தெளிக்கும் திரவ உரம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். காவல்காரர் சீட்டைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், சல்யூட் அடித்தார்.

உரம் என்று வந்ததால் பெட்டிகள் உரக் களஞ்சியத்துக்குப் போயின. உரக் களஞ்சியத்துக்கு வந்ததால், அதில் ஒரு பெட்டி திங்கட்கிழமை காலை ஆறாம் நம்பர் மலைக்கு மருந்தடிக்கிற ஆட்களிடம் கொடுக்கப்பட்டது. மாலையில் கங்காணியின் அறிக்கை வந்தது. அதை அப்படியே கோப்புக் கோவையில் போட்டேன். "மருந்து அடித்து முடிந்தது. மீதி இல்லை. ஆட்கள் திருப்தி. இரண்டு பேர் பாடினார்கள்."

பழத்துக்கு மாவனல்லையிலிருந்து றஊப் நானா வந்தார். வழங்குநர் படிவத்தை நீட்டினேன். பழத்தின் இறுதிப் பயன்பாடு என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"இதென்ன கிளாக்கர், பழம் என்ன வேலைக்கெண்டு நான் எழுதணுமா?"

"கம்பனி கேக்குது நானா."

"முப்பது வருஷமா பழம் விக்கிறன். அன்னாசி வாங்கினவன்ட பின்னால ஒரு நாளும் நான் போனதில்ல. திங்கிறதுக்கெண்டு போடுங்க."

"குடிக்கிறதுக்குத்தான் நானா."

"அப்ப ஜூஸ் எண்டு போடுங்க. அதுக்கு மேல நீங்க செல்லவும் வேணாம், நான் கேக்கவும் வேணாம்."

அவர் நான்கு கூடை கொண்டுவந்திருந்தார். படிவத்தில் மூன்று கூடைக்குத்தான் கோடு போட்டிருந்தது. நான்காவது கூடையைப் பதிய வழியில்லை. "அப்பிடியெண்டா அத அந்தப் பிள்ளைக்கு வச்சிட்டுப் போறன்," என்று பங்களாக் குசினியில் இறக்கிவிட்டுப் போனார். பதிந்த மூன்று கூடைகளும் முறைப்படி ஸ்டோருக்குப் போயின.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அங்கே சுதாகரன் இருபத்தாறு வருடமாக டீமேக்கர். நல்ல மனிதர். பச்சையாக வரும் எதையும் பதினான்கு மணி நேரம் வாட்டிவிட்டுத்தான் தொடுவார். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு தர்மிளா பழம் வெட்டப் போனபோது, தோடம்பழமும் அப்பிளும் அன்னாசியும் ஏற்கெனவே துண்டாக்கப்பட்டு, கொழுந்து வாட்டும் நீண்ட வலைத் தட்டுகளில் பரப்பிக் கிடந்தன. அடியிலிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பிள் செருப்புத் தோல் போல ஆகியிருந்தது.

"ஐயோ, டீமேக்கரய்யா, என்னங்க பண்ணிட்டீங்க!"

"வாட்டம் இன்னும் பத்தல," என்றார் சுதாகரன். ஒரு அன்னாசித் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, முகர்ந்து பார்த்தார். "தண்ணி நிக்கிது. இந்த ஸ்டோர்ல வாடாம எதுவும் ரோலருக்குப் போனதில்ல புள்ள."

"ரோலருக்கா?"

"பின்ன? உருட்டாம சாறு எப்பிடி வெளிய வரும்?"

தர்மிளா ரோலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது குறிப்பில் இல்லை. கடைசியில் பழத்தை உருட்டுவது அடுத்த வருடப் பரிசீலனைக்கு ஒத்திவைக்கப்பட்டது. வாடிய பழம் சிவப்புத் திரவத்தில் போடப்பட்டு, ஸ்டோரின் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. சாவி குழுத் தலைவரிடம்.

விருந்து டிசம்பர் இருபத்தேழாம் திகதி மாலை ஐந்து மணிக்கு. அன்று காலை எட்டு மணிக்கே விளையாட்டு மைதானத்தில் மது ஒழிப்புக் கூட்டம் இருந்தது. கிருஷ்ணராஜ் கொழும்பிலிருந்து ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். அவர் பேசினார்.

"உங்களில் ஒருவர் குடித்தால் அடுத்த நாள் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் நாடு குறைகிறது. முகாமையில் இருப்பவர்கள் அருந்துவதில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கலாம், ஜனநாயக நாடு. ஆனால் நாங்கள் அருந்துவதால் உற்பத்தி பாதிக்கப்படுவதில்லை. நாங்கள் ஒரு மாதம் அலுவலகத்துக்கு வராவிட்டாலும் ஒரு கிலோ கொழுந்து குறையாது. இதைப் புள்ளிவிவரத்தோடு என்னால் நிரூபிக்க முடியும்."

எல்லோரும் கைதட்டினார்கள். "அந்த ஐயா உள்ளதத்தான் சொல்றாரு," என்று வெள்ளையம்மா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பத்து மணிக்குத் தரச் சோதனை தொடங்கியது. ஸ்டோரில் தேயிலை ருசி பார்க்கும் அறை. வெள்ளைக் கோப்பைகள், கரண்டிகள், நடுவில் துப்புவதற்கு உயரமான பித்தளைப் பாத்திரம். தயாரான சங்க்ரியாவில் மூன்றில் ஒரு பங்கு கொழும்பு ஆய்வுகூடத்துக்கு வாகனத்தில் அனுப்பப்பட்டது. இன்னொரு பங்கு போத்தல்களில் அடைத்து அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. அது சாட்சி மாதிரி. தொண்ணூறு நாளைக்குத் திறக்கக் கூடாது. மீதியைப் பதினோராம் பக்கத்தின்படி குழுவின் நான்கு பேரும் மணிக்கொரு தடவை சோதிக்க வேண்டும். ஊறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால் பத்து மணிக்கு இருந்த தரம் பதினொரு மணிக்கு இருக்குமென்று உறுதி கூற முடியாது.

தேயிலையைச் சோதிப்பதுபோல் கரண்டியால் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்ப வேண்டும். உறிஞ்சும் வரை எல்லோரும் ஒழுங்காகச் செய்தோம். பிறகு எல்லோரும் பித்தளைப் பாத்திரத்தைப் பார்த்தோம்.

"துப்பினால் தொண்டையின் அபிப்பிராயம் கிடைக்காது," என்றார் கிருஷ்ணராஜ். அது தீர்மானம் எண் ஒன்று.

பன்னிரண்டு மணிக்குக் கரண்டி போதாது என்று தீர்மானம் எண் மூன்று. இரண்டு மணிக்குக் கிருஷ்ணராஜ் எழுத்துத் தமிழைக் கைவிட்டார். சுதாகரனின் தோளில் கை போட்டு, "டீமேக்கர், நீங்க வாட்டினது சும்மா இல்ல மச்சான், எனக்கு அழுக வருது," என்றார். சுதாகரனும் அழுதார். இருபத்தாறு வருடத்தில் தலைமை அலுவலகம் அவரைப் பாராட்டியது அது முதல் தடவை.

தர்மிளா வாசலில் நின்றபடி இருந்தாள்.

"ஐயா, விருந்தாளிங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணுமே."

"தரம் உறுதிப்படுத்தாத சாமான விருந்தாளிக்குக் குடுக்கலாமா? நீயே சொல்லு."

"உறுதிப்படுத்தி முடிச்சா குடுக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்களே."

"அது விநியோகப் பிரிவு பாக்கணும்," என்றார் கிருஷ்ணராஜ். எங்களுக்கு விநியோகப் பிரிவு கிடையாது.

நாலு மணிக்குத் தரம் மிக உயர்ந்தது என்று ஏகமனதாக நிறைவேறியது. நான்கு பேரும் கையெழுத்திட்டோம். என் கையெழுத்து தாளை விட்டு மேசையிலும் கொஞ்சம் போயிருந்தது. பித்தளைப் பாத்திரம் காய்ந்தபடி இருந்தது. சாடியின் அடியில் வாடிய அப்பிள்கள் மட்டும் கிடந்தன.

ஐந்து மணிக்கு விருந்தாளிகள் பங்களா விறாந்தையில் வந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டுப் பேர். ஜேர்மன்காரர் இந்த முறை மனைவியையும் அழைத்து வந்திருந்தார், சங்க்ரியாவுக்காக. நான் முகம் கழுவக் குசினிப் பக்கம் போனேன். தர்மிளா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அந்த அரக்கு வச்ச போத்தல கேட்டுப் பாத்தேங்க கிளாக்கரய்யா. டீமேக்கரய்யா அது மேலயே படுத்திருக்காரு. தொண்ணூறு நாள், தொண்ணூறு நாள்ங்கிறாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா தொர பேர் பதிய மாட்டாரு. முப்பத்தொண்ணாந் தேதி நானும் அம்மாவும் எங்கங்க போறது? பஸ் ஸ்டேண்டுலயா அடுப்பு வைக்கிறது? நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்."

நான் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

நான்காவது கூடையை அவிழ்த்தாள். படிவத்தில் ஏறாததால் வாடாமல் தப்பியிருந்த பழங்கள். பங்களா டின்னிலிருந்து தேயிலையை அள்ளி, நாக்கில் பிடிக்கிற மாதிரி கடுஞ்சாயமாக ஊற்றினாள். கறுவாப்பட்டை, தட்டிய இஞ்சி, தோடம்பழச் சாறு, அன்னாசி, சீனி. எல்லாம் கையளவு. மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டினாள். நிறம் அதே சிவப்பு. தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே விறாந்தைக்குப் போயின.

ஜேர்மன்காரர் ஒரு மிடறு குடித்தார். மனைவிக்குக் கொடுத்தார். மறுபடி வாங்கிக்கொண்டார்.

"போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது. எந்த நாட்டு வைன்?"

சைப்ரஸில் பழகிய ஆங்கிலத்தில் தர்மிளா பதில் சொன்னாள். "வைன் இல்லை சார். உங்களுக்கு நாங்கள் அனுப்புகிறோமே, அந்தத் தேயிலைதான்."

அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறிய கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். பதினெட்டுப் பேரும் இரண்டாம் முறை கேட்டார்கள். பெரியதுரை தர்மிளாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அப்போதுதான் மூலையில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த கிருஷ்ணராஜ் எழுந்து, கையில் அகப்பட்ட கிளாஸை வாங்கி, சத்தமாக உறிஞ்சினார். அவர் நாக்கு திறமையானது. ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது.

"இதில் சிவப்புத் திரவம் இல்லை!"

இருபத்தொன்பதாம் திகதி விசாரணை. கிருஷ்ணராஜ் எழுத்துத் தமிழுக்குத் திரும்பியிருந்தார். குற்றங்கள் மூன்று. ஆவணத்தில் இல்லாத பானத்தைப் பரிமாறியது. படிவத்தில் இல்லாத பழத்தைப் பயன்படுத்தியது. கம்பனியின் உற்பத்தியான தேயிலையைக் கம்பனி தீர்மானிக்காத முறையில் சுவையாக்கியது.

"ஆனா கெஸ்ட் எல்லாருக்கும் பிடிச்சதே," என்றார் பெரியதுரை மெதுவாக.

"அது குற்றத்தைப் பெரிதாக்குகிறது. பதினெட்டுப் பேரை அனுமதியின்றி மகிழ்வித்திருக்கிறார். நாளை இன்னொருவர் வந்து, ஆவணமே இல்லாமல் நல்ல தேநீர் போடலாம் என்று காட்டினால் என் பிரிவின் கதி என்ன? போதையற்ற தோட்டத்தில் போதையற்ற பானம் கொடுத்தேன் என்று இவர் வாதாடலாம். ஆனால் அனுமதிக்கப்பட்டிருந்தது மற்றது. குற்றப்பத்திரம் எழுதுங்கள் கிளாக்கர். வேலைநீக்கம்."

தர்மிளா வாசலில்தான் நின்றாள். முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள். அழவில்லை. "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேங்க," என்று மட்டும் சொன்னாள்.

படிவத்தை எடுத்தேன். முதல் கோடு பெயர். எழுதினேன். இரண்டாவது கோடு பதிவு இலக்கம். பேனாவை அங்கே வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன்.

"என்ன?" என்றார் கிருஷ்ணராஜ்.

"பதிவு இலக்கம் இல்லைங்க ஐயா. செக்ரோல்ல பேர் இல்லாத ஆளுக்குக் குற்றப்பத்திரம் குடுக்க முடியாது."

"அப்படியென்றால் இந்தக் குற்றம்?"

"தோட்டத்துல இல்லாத ஆள் செஞ்சதா ஆகும். நடந்ததாவே எழுத முடியாதுங்க. பதினெட்டுப் பேருக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலன்னு வரும்."

கிருஷ்ணராஜ் எழுந்து ஜன்னல் வரை போனார். நடந்த ஒரு குற்றம் கோவையில் ஏறாமல் போவதை அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பதியுங்கள்."

"இன்னிக்குத் தேதியில பதிஞ்சா, இருபத்தேழாந் தேதி செஞ்சதுக்குப் பொருந்தாதுங்க."

"முன்திகதியிட்டுப் பதியுங்கள். டிசம்பர் முதலாம் திகதி. தப்பிக்க ஓட்டையே இருக்கக் கூடாது."

பெரியதுரை கையெழுத்துப் போட்டார். நான் செக்ரோலைத் திறந்து எழுதினேன். மை காயும் வரை மூடவில்லை. பிறகு குற்றப்பத்திரம் எழுதினேன். அதைப் படித்த கிருஷ்ணராஜ், பெயர் பதிந்த தொழிலாளியை முதல் குற்றத்துக்கே வேலைநீக்கம் செய்ய முடியாது என்ற விதியையும் தானே கண்டுபிடித்தார். விதி அவருடையது. ஆகவே கடும் எச்சரிக்கையும் மூன்று நாள் இடைநிறுத்தமும்.

"மூணு நாளுங்களா?" என்றாள் தர்மிளா. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ரொம்பப் பெரிய மனசுங்க ஐயா. காம்பராவுக்கு வெள்ளையடிச்சிருவேன்."

கிருஷ்ணராஜ் அதை வருத்தம் தெரிவித்ததாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

கிருஷ்ணராஜுக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு கிடைத்தது. பதினேழு பக்க ஆவணம் கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது; எங்கும் சங்க்ரியா செய்யப்படவில்லை. ஜேர்மன்காரர் பழத்தோடு சேர்த்த தேயிலை வேண்டுமென்று மூன்று கடிதம் எழுதினார். அப்படியொரு பொருள் எங்களிடம் ஆவணப்படி இல்லை என்று பதில் போனது. இப்போது அவர் வேறு நாட்டில் வாங்குகிறார். பெரியதுரை கஹவத்தைப் பக்கம் மாற்றலாகிப் போனார். சுதாகரன் ஓய்வு பெற்றுவிட்டார். முத்திரை வைத்த போத்தல்கள் ஸ்டோரில் இருக்கின்றன. திறப்பதற்குக் குழு கூட வேண்டும், குழு கலைந்துவிட்டது. றஊப் நானா மாவனல்லையில் பழம் விற்கிறார். ஆறாம் நம்பர் மலையில் அந்த வருடம் கொழுந்து சுமார்.

தர்மிளா பங்களாவில் புதிய துரைக்குச் சமைக்கிறாள். வெள்ளையம்மா முப்பத்தோராம் திகதி ஓய்வு பெற்றார். இருவரும் அதே காம்பராவில் இருக்கிறார்கள்.